பதினேழு மாதம் மூத்தவன்

ஆறு பிளாக்குகளையும், அவற்றில் குடியிருக்கும் நானூறு குடும்பங்களையும், நடுவில் கிடக்கும் ஒரு நீச்சல் குளத்தையும் கழுத்தில் தொங்கும் ஒற்றை விசிலால் ஆண்டுகொண்டிருக்கும் கோடைக்காலச் சக்கரவர்த்தியே, என் மகனே,

நீலசந்திராவிலிருந்து உன் அப்பன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அம்மா நலம். அவள் என்மேல் வைத்திருக்கும் கோபம் எங்கள் இருவரையும்விட நலம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய் என்பதால் கடிதம். தபாலில் வந்தால் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவாய் என்பதால் இரண்டு பிரதி. ஒன்று உனக்கு. மற்றொன்றை உங்கள் குடியிருப்பின் நோட்டீஸ் போர்டில், தண்ணீர் லாரி வரும் நேரம் பற்றிய அறிவிப்புக்கும் லிஃப்டில் நாயைக் கொண்டுபோவது பற்றிய அறிவிப்புக்கும் நடுவே, நானே வந்து ஒட்டப்போகிறேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு வீட்டுக்காரர்களும் மூன்று வீட்டில் சமைக்கும் அந்த அம்மாவும்தான் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா ஒருத்தி போதும். சாயங்காலத்துக்குள் இது கன்னடத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் எல்லாச் சமையலறைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். எனக்கு வாய்த்தது நோட்டீஸ் போர்டு.

முதலில் என்மேல் நீ சாட்டிய குற்றத்தை நானே சபைக்குப் படித்துவிடுகிறேன். போன வாரம் உன் வருங்கால மாமனார், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், உன் ஜாதகத்தையும் நீ கொடுத்த பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். தேதி வேறு, மாதம் வேறு, வருஷமே வேறு. நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. மாப்பிள்ளை ஒருவர்தானா, இல்லை இரண்டு பேரா என்று மட்டும் கேட்டாராம். பள்ளிக்கூடத்தில் தேதியை மாற்றி எழுதுவது நம் பக்கத்தில் சகஜம் என்றும், வருஷம் மட்டும் ஜோசியர் செய்த பிழை என்றும் நீ சமாளித்துவிட்டு எனக்குப் போன் போட்டாய். ஜோசியர்மேல் ஒரு பிழையும் இல்லை, பிழை உன் பாஸ்போர்ட்தான் என்று நான் சொன்னேன். நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிட நீ பதினேழு மாதம் சின்னவன் என்றேன். எந்தத் தகப்பனும் மகனுக்குக் கொடுக்க முடியாத சீர் இது, ஒன்றரை வருஷ இளமையைக் கல்யாணப் பரிசாகத் தருகிறேன் என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"என் வயசு என்னன்னே எனக்குத் தெரியாம வளத்திருக்கீங்க. நீங்க ஒரு ஃப்ராடுப்பா. உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நான் இங்க பூல்ல இவ்ளோ ஸ்ட்ரிக்டா இருக்க வேண்டியிருக்கு" என்றாய்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இவ்வளவு காகிதம். ஃப்ராடு என்றதை நான் பட்டமாக ஏற்றுக்கொள்கிறேன், வாசலில் பலகை எழுதி மாட்டவும் தயார். ஆனால் நான் செய்த காரியம் எது, அதில் தப்பு எது என்று உனக்குச் சரியாகத் தெரியவில்லை. தப்பான இடத்தில் என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாய். சரியான இடத்தை நானே காட்டிக்கொடுக்கிறேன்.

உனக்கு நாலரை வயது முடிந்து ஒரு மாதம். நான் பஸ் டிப்போவில் டயர் பிரிவில். உன் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் காலை ஷிப்டும் என் காலை ஷிப்டும் ஒன்றாக விழுந்துவிட்டால் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவோம். ஒருநாள் நீ அங்கிருந்து நழுவி, பஸ் ஓடும் சாலைவரை தனியாக நடந்து போய், என் டிப்போ பஸ் ஒன்றுக்கு நடுச்சாலையில் நின்று கை காட்டியிருக்கிறாய். டிரைவர் உன்னைத் தூக்கி இன்ஜின் மூடிமேல் உட்காரவைத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு நான் டயரோடு டயராக உட்கார்ந்து நடுங்கியதை நீ பார்த்திருந்தால், எட்டு ரிக்டரில் பெங்களூரே ஆடியது என்று எழுதிவைத்திருப்பாய். மறுநாளே உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். ஆறு நிறைந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். நிறைந்துவிட்டது என்றேன். கையைத் தலைமேல் வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொன்னார். உன் கை, காதுக்கு இரண்டு அங்குலம் முன்பே நின்றுவிட்டது. நான் மெல்ல உன் தலையைக் கை இருக்கும் பக்கம் சாய்த்தேன். கை காதுக்குப் போகாவிட்டால் காது கைக்கு வந்தால் என்ன? அந்த அம்மா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், ஜூன் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். நம் ஊரில் பாதி ஜனம் அந்தத் தேதியில் பிறந்ததுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் கட்டில் கிடைத்திருக்காது.

இதற்கு நான் வருத்தப்படவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள். மறுபடியும் நீ நாலரை வயதில் நடுச்சாலையில் நின்றால், மறுபடியும் போய் அதே நாற்காலிக்கு முன்னால் நின்று அதே பொய்யைச் சொல்வேன். இந்தத் தடவை காதைக் கொஞ்சம் முன்கூட்டியே பழக்கியும் வைத்திருப்பேன். உனக்கு உண்மையைச் சொல்லாததுகூடப் பயத்தினால்தான். பிள்ளை வாய், பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவாய் என்று ஆரம்பித்தது, அப்புறம் சொல்ல நேரம் வரவேயில்லை. கார்த்திகையில் உன் நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போவோம், எத்தனையாவது வருஷம் என்று யாரும் எண்ணமாட்டோம். அவ்வளவுதான் சூழ்ச்சி.

என் தப்பு நடந்தது வேறு இடத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில். தொண்ணூற்றிரண்டு கோடை. அல்சூர்ப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் உன்னைச் சேர்த்தேன். முதல் வாரம் நீ குடித்த தண்ணீரில் குளம் ஒரு படி இறங்கிவிட்டதென்று வாட்ச்மேன் புகார் சொன்னார். மூன்றாவது வாரம் நீ கெண்டை மீன். எட்டாவது வாரம், கெண்டை மீன்கள் உன்னிடம் வந்து பாடம் கேட்கும் நிலைமை. மே கடைசியில் போட்டி. பத்து வயதுக்குட்பட்டோர், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு பிரிவு. உன் நிஜ வயது ஒன்பதரை. பள்ளிக்கூட முத்திரையோடு வந்த காகிதத்தின்படி பதினொன்று ஆகச் சில நாள்தான் பாக்கி. ஊரில் உள்ள அத்தனை அப்பன்களும் பிள்ளையின் வயதைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது, கூட்டிக்கொண்டு வந்து நின்ற ஒரே மேதாவி உன் அப்பன். பத்து வயதுக்குட்பட்டோர் வரிசையில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அவன் அப்பா அவனை ஸ்கூட்டரில் கூட்டிவந்தாரா, அவன் அப்பாவைக் கூட்டிவந்தானா என்று தெரியவில்லை. நீயோ அந்தப் பெரிய பையன்கள் வரிசையில், அவர்கள் இடுப்பு உயரத்துக்கு, பல் தந்தியடிக்க நின்றாய்.

குளத்துச் செயலாளர் லிங்கண்ணா என்று ஒருவர், ரிட்டையரான டிரில் மாஸ்டர். நான் போய் அவரிடம் நியாயம் கேட்டேன். பையன் எவ்வளவு சின்னவன் பாருங்கள், அவனை இந்தத் தடியன்களோடு விடலாமா என்று அரை மணி நேரம் பிரசங்கம். அவர் கோபப்படவேயில்லை.

"கண்ணுக்கு எனக்கும் தெரியுது சார், ஹுடுகன் சின்னவன்தான். ஆனா நான் கண்ண வெச்சு எழுத முடியாது, பேப்பர் வெச்சுதான் எழுதணும். வேற பேப்பர் இருந்தா கொடுங்க, இப்பவே மாத்தறேன்" என்றார்.

வேறு காகிதம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நிஜமான பிறப்புச் சீட்டு, உன் அம்மா காலையில் மடித்து என் சட்டைப் பையில் வைத்து அனுப்பியது. அதை எடுத்து நீட்டியிருந்தால், உன் பெயர் அந்த வரிசையிலிருந்து இந்த வரிசைக்கு வந்திருக்கும். ஆனால் போட்டிக் காகிதமெல்லாம் பள்ளிக்கூடம் வழியாகத்தான் போகும். அங்கே தெரிந்தால் உன்னை ஒரு வகுப்பு இறக்குவார்களோ, பள்ளியைவிட்டே அனுப்புவார்களோ, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்கு என் வேலைக்கு என்ன வருமோ என்று என் கை சட்டைப் பைக்கு மேலேயே நின்றுவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் அவ்வளவு வீரமாக நின்றவன், ஒரு நல்ல மனிதர் கேட்ட ஒரு சின்னக் காகிதத்துக்கு முன்னால் வியர்த்துப் போனேன். சீட்டு நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. இல்லை சார், வேறு இல்லை என்றேன்.

நீ கடைசியாக வந்தாய். மற்ற ஐந்து பேரும் கரையேறி, துவட்டி, தலைவாரி, வேலைக்குப் போய், பெண் பார்த்துக் கல்யாணம் முடித்த பிறகு வந்தாய் என்று உன்னைக் கேலி செய்தேன் அல்லவா, வீடுவரை, பஸ்ஸில். நீயும் சிரித்தாய். நான் உனக்குச் சொல்லாதது ஒன்று இருந்தது. உனக்கு அடுத்து நடந்த சின்னப் பிரிவில் அந்த மீசைக்காரன்தான் முதல் பரிசு வாங்கினான். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் நேரத்தைப் படித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவன் முதலில் வந்த நேரத்தைவிட நீ கடைசியில் வந்த நேரம் இரண்டு வினாடி குறைவு. மீசையோடு சேர்த்தும் குறைவு. உன் வயதில் அந்தக் குளத்தில் உன்னைவிட வேகமாக யாரும் இல்லை. இது அன்றைக்கு எனக்கும் ஸ்டாப்வாட்சுக்கும் மட்டும் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு நீ கேட்டாய்.

"அப்பா, நான் ஸ்லோவா?"

"உனக்குத் தண்ணி ராசியில்லடா. விடு" என்றேன்.

இதுதான். இதுதான் நான் செய்த தப்பு. ஒரு வரி. சொல்லிவிட்டு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த கோடையில் குளத்துக்கு வரமாட்டேன் என்றாய், அதற்கடுத்த கோடையிலும் வரவில்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போய், இந்தக் குடியிருப்பில் வீடு எடுத்த பிறகுதான் மறுபடியும் தண்ணீரில் கால் வைத்தாய். போட்டி நடந்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அம்மா கேட்டதை இன்னும் மாதம் ஒருமுறை கேட்கிறாள்.

"பாக்கெட்டுலதானய்யா இருந்துச்சு. எடுத்துக் காட்டியிருந்தா கை ஒடஞ்சா போயிருக்கும்?"

கை உடைந்திருக்காது. ஆகவே, ஜூன் முதல் தேதிக்காக என்னைத் திட்டாதே, அது வீண். பஸ்ஸில் சொன்ன அந்த வரிக்காகத் திட்டு, ஆயுள் முழுக்கத் திட்டு, பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துத் திட்டவை. அதற்கு மட்டும் தலையைக் குனிகிறேன். மற்றதற்கெல்லாம் நிமிர்ந்துதான் நிற்பேன்.

இப்போது உன் ராஜ்ஜியத்துக்கு, கோடை லீவில் குழந்தைகளுக்கு நீ நடத்தும் நீச்சல் வகுப்புக்கு, வருகிறேன். போன சனிக்கிழமை உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்று இரண்டு பஸ் மாறி அங்கே வந்தேன். நீ என்னைக் கண்டதும் குளத்தில் லேன் பிரிக்கும் கயிறு கட்டப் போய்விட்டாய். குளத்து ஓரம் ஒரு பெண்குழந்தை நீச்சல் உடுப்போடு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காலை மட்டும் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தது. பெயர் சஹனா, 'டி' பிளாக். ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

"நான் ரெண்டு நாள் ஜாஸ்தி தாத்தா" என்றது.

தாத்தா என்றதைக்கூட மன்னித்துவிட்டேன், அந்த இரண்டு நாளை மன்னிக்க முடியவில்லை. அதன் அம்மாவிடம் முழுக் கதையையும் கேட்டேன். அல்சூர்க்காரப் பெண், தமிழ் நம்மைவிடச் சுத்தம். மே முதல் தேதியன்று பத்து முடிந்திருக்கக் கூடாது என்பது நீ போட்ட விதி. சஹனாவுக்கு ஏப்ரல் இருபத்தொன்பதில் பத்து முடிந்தது. ஆகவே பெரிய பிரிவு. பெரிய பிரிவில் ஒரு பிளாக்குக்கு இரண்டு பேர்தான் என்பதும் நீ போட்ட விதி. 'டி' பிளாக்கில் இரண்டு பேர் முன்பே இருக்கிறார்கள். ஆகவே எந்தப் பிரிவிலும் இல்லை. நாற்பது நாள் விடியற்காலையில் எழுந்து வந்து ஒருநாள்கூடத் தவறாத குழந்தைக்கு, ஞாயிற்றுக்கிழமை போட்டியில் கை தட்டும் வேலை. இத்தனைக்கும் சின்னப் பிரிவில் ஆறு லேன், ஐந்து பெண்கள். ஒரு லேன் வெறும் தண்ணீராகக் கிடக்கப்போகிறது.

உன் பதில் எனக்குத் தெரியும், போனிலேயே சொல்லிவிட்டாய். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், இன்றைக்கு இரண்டு நாள் என்று விட்டால் நாளைக்கு இரண்டு மாதம் என்று வருவார்கள், அப்புறம் மீசையோடு வருவார்கள் என்று. சரியான பேச்சு. மீசையை நேரில் கண்டவன் நான், எனக்கே பாடமா? கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடு இல்லாவிட்டால் நானும் நாளைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு பத்து வயதுக்குட்பட்டோரில் குதித்துவிடுவேன். ஆனால் ஒன்றை யோசி. கோடு போடுவது கோப்பை யாருக்கு என்று சொல்வதற்கு. நீ அதை வைத்துத் தண்ணீர் யாருக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். இது என்ன ஒலிம்பிக்கா? லீவுக்குக் குழந்தைகள் டி.வி. பார்த்துக் கெட்டுப்போகாமல் இருக்கத் தொடங்கிய காரியம். ஜெயித்த குழந்தைக்குப் பிளாஸ்டிக் கோப்பை, தோற்ற குழந்தைக்கு ரஸ்னா.

இன்னொன்றும் விசாரித்தேன், டயர் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு எது நிஜ டயர், எது பழசின்மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் என்று தட்டிப் பார்த்தாலே தெரியும். உன் சின்னப் பிரிவில் உள்ள சர்டிபிகேட்டுகளில் இரண்டு மூன்று சொந்த ஊரிலிருந்து ஏப்ரலில்தான் வந்து இறங்கியிருக்கின்றன, மைகூடக் காயவில்லை. உனக்கும் தெரியும். காகிதம் சரியாக இருப்பதால் உன் கை கட்டப்பட்டிருக்கிறது. ஆக, உன் விதியில் பொய் சொன்னவர்கள் எல்லாரும் தண்ணீரில் இருக்கிறார்கள். உண்மையான காகிதத்தை உண்மையாக நீட்டிய ஒரே குழந்தை கரையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அம்மா என்னிடம் கேட்டது உன் காதில் விழவேண்டும் என்றுதான் இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன்.

"நாங்களும் வேற சர்டிபிகேட் வாங்கியிருக்கணுமா அங்கிள்?"

உலகத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் கூடாதம்மா என்று உடனே சொல்லியிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியில்லாத ஒரே ஆளாகப் பார்த்துக் கேட்டாள் மகராசி. ஃப்ராடு என்னிடம் பதில் இல்லை, உன்னிடம் இருக்கிறதா? லிங்கண்ணாவுக்காவது ஒரு சாக்கு உண்டு, நான் மறைத்துவிட்டேன், அவருக்கு உண்மை கிடைக்கவில்லை. உனக்கு உண்மை மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கண்ணுக்கும் தெரிகிறது, காகிதத்திலும் இருக்கிறது, லேனும் காலி. இதற்குமேல் உனக்கு எந்தக் கடவுள் வந்து எதை நீட்டவேண்டும்?

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்லவேண்டுமாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு உன் வீட்டிலும் விதிகள் வரும், நீயே போடுவாய், போடத்தான் வேண்டும். விதி தப்பான ஆளை வெளியே நிறுத்திவிட்டது என்று தெரிந்த நிமிஷத்தில், விதியின் பின்னால் ஒளியாதே. நான் ஒளிந்தேன். ஒளிந்துகொண்டு, தப்பு அந்தப் பிள்ளையிடம்தான் என்று அந்தப் பிள்ளையையே நம்பவைத்தேன். மீசைக்காரன் செய்த மோசடியைவிட அது பெரிய மோசடி.

ஆகவே கேள். உன் அசோசியேஷன் தீர்மானம் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். சஹனாவின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், குழந்தையை உடுப்போடு கூட்டிவாருங்கள், ஆறாவது லேனில் நிற்கட்டும் என்று. கோப்பை வேண்டாம், பெயர்கூடக் கூப்பிடவேண்டாம், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். செக்யூரிட்டியைக் கூப்பிடுவதாக இருந்தால் தாராளமாகக் கூப்பிடு. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, என் வயதுக்கும் இரண்டு சர்டிபிகேட் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளச் சொல். உனக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான். விதி முக்கியம் என்று தோன்றினால், அந்தக் குழந்தைக்கு எதிரே குனிந்து, கண்ணைப் பார்த்து, நீ ஏன் இறங்கக் கூடாது என்று உன் வாயால் சொல். முழுக் காரணத்தையும் சொல், பாதியில் நிறுத்தாதே. அது தலையை ஆட்டி, சரி அங்கிள், நியாயம்தான் என்று சொல்லிவிட்டால், நான் பேசாமல் பஸ் ஏறிவிடுகிறேன்.

உன்னால் அதைச் சொல்ல முடியவில்லை என்றால், கொஞ்சம் நகர்ந்து நில். அது குதிக்கட்டும்.

உன் அப்பன்